மரம் நட்டவளுக்கு மரத்தில் என்ன பங்கு?

2021 முதல் 2030 வரையிலான பத்தாண்டைச் சூழல் மீட்புக்கான பத்தாண்டாக ஐக்கிய நாடுகள் அவை அறிவித்திருக்கிறது. இதற்கு முன்பே, 2011இல் ஜெர்மனியின் பான் நகரில் தொடங்கிய உலக முயற்சி, 2020க்குள் 15 கோடி ஹெக்டேர் சீரழிந்த நிலத்தை மீட்பது என்று இலக்கு வைத்தது. பிறகு அது 2030க்குள் 35 கோடி ஹெக்டேராக விரிந்தது. ஆப்பிரிக்க நாடுகள் தம் பங்குக்கு 10 கோடி ஹெக்டேரை மீட்பதாக உறுதி சொல்லியிருக்கின்றன.

இந்த நிலங்கள் எவையும் ஆளற்றவை அல்ல. அங்கே ஆடு மாடு மேய்கிறது, தழை ஒடிக்கிறார்கள், சுள்ளி பொறுக்குகிறார்கள், மானாவாரியில் ஏதோ விளைகிறது. இந்த வேலைகளில் பெரும்பங்கு பெண்களுடையது. அதனால் இன்று எந்தக் காடு மீட்புத் திட்டத்தை எடுத்தாலும் ‘பெண்கள் பங்கேற்பு’ என்ற பகுதி கட்டாயம் இருக்கிறது. அந்தப் பகுதிக்குள் இரண்டு கேள்விகள் கலந்து கிடக்கின்றன. பெண்கள் பங்கேற்றால் காடு நன்றாக மீள்கிறதா என்பது ஒன்று. மீண்ட காட்டிலிருந்து அந்தப் பெண்களுக்கு என்ன கிடைக்கிறது என்பது இன்னொன்று. கடந்த பல பத்தாண்டுகளில் நேபாளத்திலும் ஆப்பிரிக்காவிலும் நடந்தவற்றைத் திரும்பிப் பார்த்தால், இரண்டு கேள்விகளுக்கும் விடை ஒரே இடத்தில்தான் இருக்கிறது: நட்ட மரத்தின்மீது அவள் சொல் செல்லுபடியாகிறதா?

ஒரே நிலம், பல உரிமைகள்

மரம், பயிர், கால்நடை மூன்றையும் ஒரே நிலத்தில் ஒன்றுக்கொன்று துணையாக வளர்ப்பதே வேளாண்காடு. உழவர்கள் காலங்காலமாகச் செய்துவந்ததுதான். 1978இல் இதற்கென ஒரு பன்னாட்டு ஆய்வு நிறுவனம் உருவாகி நைரோபியில் இயங்கத் தொடங்கிய பிறகு தனி அறிவுத்துறையாக வளர்ந்தது. காடு மீட்பில் இதற்குத் தனி இடம் உண்டு. தேக்கு முற்ற முப்பது ஆண்டு காத்திருக்க ஏழை வீட்டால் ஆகாது. புல்லும் தழையும் பழமும் இடைப்பயிரும் அடுத்த ஆண்டே எதையாவது தரும்.

சிக்கலும் இங்கேயே தொடங்குகிறது. வேளாண்காட்டில் நிலம் ஒருவருடையதாக, மரம் இன்னொருவருடையதாக, பழம் மூன்றாமவருடையதாக இருக்கலாம். மேற்கு ஆப்பிரிக்காவின் ஷியா மரம் நிற்கும் வயல் ஆணுடையது. கொட்டை பொறுக்கி எண்ணெய் எடுப்பவள் பெண். உதிர்ந்த சுள்ளி அவளுக்கு, வெட்டிய தடி அவனுக்கு என்ற வழக்கம் பல நாடுகளில் உண்டு. ஆப்பிரிக்க வேளாண்காடுகளில் பெண்களின் பங்கேற்பு பற்றிய ஆய்வுகளைத் திரட்டி எவலின் கிப்டோட், ஸ்டீவன் ஃபிரான்செல் இருவரும் 2012இல் எழுதிய மதிப்பீடு இதை உறுதி செய்கிறது. காட்டுப் பழம், கீரை, தீவனம் போன்றவை பெண்கள் கையில் இருக்கின்றன. விலை போகும் மரத்தடி ஆண்கள் கையில் இருக்கிறது. பெண்கள் கையில் இருக்கும் பொருளுக்கும் சந்தையில் மதிப்பு ஏறினால், அது கைமாறும் ஆபத்து எப்போதும் உண்டு.

நேபாளம்: பைன் மரமும் எருமையும்

இந்தக் கேள்வியை நீண்ட காலம் ஊன்றிப் பார்க்க நேபாளத்தைவிட நல்ல இடம் இல்லை. 1957இல் அரசு காடுகளை நாட்டுடைமையாக்கியது. ஊராரின் பொறுப்பு அறுந்தது, மலைச்சரிவுகள் மொட்டையாகின. 1978 விதிகள் சில காடுகளை ஊராட்சிகளிடம் ஒப்படைக்க வழிசெய்தன. வெளிநாட்டு உதவியோடு சிந்துபால்சோக், காப்ரே மாவட்டங்களின் சரிவுகளில் பெருமளவில் சிர் பைன் நட்டார்கள். வறண்ட, மண் அரித்த சரிவிலும் அது பிழைக்கும். மாடு அதைக் கடிக்காது. வனத்துறைக்கு இவை இரண்டும் நிறைகள்.

எருமை வைத்திருக்கும் பெண்ணின் பக்கம் நின்றால், அந்த இரண்டாவது நிறையே குறையாகிவிடுகிறது. மாடு கடிக்காத மரம் தீவனம் தராத மரம். டோக்கோ என்ற மூங்கில் கூடையை முதுகில் ஏற்றி, நாம்லோ என்ற பட்டையை நெற்றியில் மாட்டிக்கொண்டு மலையேறுகிறவள் தேடுவது அகன்ற இலையை. நாற்றங்காலில் என்ன விதைப்பது என்று முடிவெடுத்தபோது அவளிடம் கேட்டிருந்தால் காட்டின் முகமே வேறாக இருந்திருக்கும். பின்னாளில் பல இடங்களில் பைன் நிழலில் கட்டுஸ், சிலாவுனே போன்ற உள்ளூர் மரங்கள் தாமாகவே முளைத்து வந்தன. தோட்டம் மெல்லக் காடானது. ஆனால் தழைக்காக நடந்த தூரம் அந்தத் தலைமுறைப் பெண்களின் காலில்தான் ஏறியது.

1993 வனச் சட்டம் காட்டை நேரடியாகப் பயன்படுத்துவோர் குழுக்களிடம் கொடுத்தது. இன்று அத்தகைய குழுக்கள் 22,000க்கும் மேல். நாசா நிதியுதவியில் நடந்த செயற்கைக்கோள் ஆய்வின்படி, 1992இல் நாட்டின் பரப்பில் 26 சதவீதமாக இருந்த காடு 2016இல் 45 சதவீதமானது. ஆண்கள் வெளிநாடு போய்விட, உழாமல் விட்ட மலைவயல்களில் காடு ஏறியதும் இந்த வளர்ச்சியில் ஒரு பகுதி. அதே வெளியேற்றத்தால்தான் ஊரில் காட்டைக் காக்கும் பொறுப்பு மேலும் மேலும் பெண்கள் தலையில் விழுந்தது.

பொறுப்பு வந்த வேகத்தில் அதிகாரம் வரவில்லை. தெற்காசியச் சமூகக் காடுகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த பொருளியலாளர் பீனா அகர்வால், 2001இல் வெளியிட்ட கட்டுரையில் இதன் உள்கட்டைப் பிரித்துக் காட்டினார். வீட்டுக்கு ஓர் உறுப்பினர் என்றால் அது ஆணின் பெயர். கூட்டம் நடக்கும் நேரம் சமையல் நேரம் அல்லது பால் கறக்கும் நேரம். வந்த பெண்ணும் ஓரத்தில் உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போகிறாள். பங்கேற்பு என்ற பெயரிலேயே விலக்கல் நடந்தது. 2009 வழிகாட்டு நெறிகள் இதற்கு மருந்து தேடின: வீட்டுக்கு ஓர் ஆணும் ஒரு பெண்ணும் உறுப்பினர், நிர்வாகக் குழுவில் பாதி இடம் பெண்களுக்கு, தலைவர், செயலர் இருவரில் ஒருவர் பெண்.

இதனால் காட்டுக்கு என்ன ஆனது? நேபாளத்திலும் குஜராத்திலுமாக 135 குழுக்களை அகர்வால் அளந்து பார்த்தார். நேபாளத்தில் நிர்வாகக் குழு முழுவதும் பெண்களாக இருந்த இடங்களில், மற்ற குழுக்களைவிடக் காட்டின் நிலை மேம்படும் வாய்ப்பு 51 சதவீதம் கூடுதலாக இருந்தது. அந்தப் பெண்களிடம் ஒப்படைத்திருந்தவை பரப்பில் சிறிய, மிகவும் சீரழிந்த காடுகள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். குழுவில் நாலில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை பெண்கள் இருந்தால்தான் அவர்கள் பேச்சுக்கு எடை வருகிறது என்பது அவருடைய இன்னொரு முடிவு. ஒன்றிரண்டு பெண்களை உட்கார வைப்பதால் பயனில்லை.

காரணங்களில் மாயம் எதுவுமில்லை. தினமும் காட்டுக்குள் போகிறவள் எங்கே புதிதாக வெட்டியிருக்கிறது என்பதை முதலில் பார்க்கிறாள். அத்துமீறி விறகு எடுப்பவளும் பெரும்பாலும் ஒரு பெண். அவளைத் தடுக்க ஆண் காவலர் தயங்குவார், தவறாக நடந்தார் என்ற பழி வந்துவிடுமோ என்று. பெண்கள் குழுவுக்கு அந்தத் தயக்கம் இல்லை. தான் சேர்ந்து வகுத்த விதியை அவளே மதிக்கிறாள், அண்டை வீட்டுக்காரிக்கும் எடுத்துச் சொல்கிறாள். எந்தச் செடியை எந்தப் பருவத்தில் அறுக்கலாம் என்ற அறிவும் முதன்முறையாக விதிகளுக்குள் நுழைகிறது.

துடைப்பப்புல் சொல்லும் கணக்கு

நேபாளத்தின் இன்னொரு முயற்சி நம் பேச்சுக்கு மேலும் நெருக்கமானது. 1990களின் தொடக்கத்தில், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு குத்தகைக் காடு என்ற முறை வந்தது. சீரழிந்த காட்டு நிலத்தை வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ள சில குடும்பங்கள் அடங்கிய சிறு குழுவுக்கு 40 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுப்பார்கள். முதல் வேலை மேய்ச்சலை நிறுத்தி நிலத்தை ஆறவிடுவது. பிறகு தீவனப் புல், தீவன மரம், பழம், இடைப்பயிர்.

அங்கே நட்டவற்றில் ஒன்று அம்ரிசோ. நம் வீடுகளில் தரை பெருக்கும் பூந்துடைப்பம் இந்தப் புல்லின் பூங்கதிர்தான். செங்குத்தான சரிவில் இதன் வேர் மண்ணைப் பிடித்துக்கொள்ளும். பச்சை இலை ஆட்டுக்கும் எருமைக்கும் தீவனம். குளிர் முடியும் மாதங்களில் கதிரை உருவிக் கட்டினால் துடைப்பம், அது விற்பனைக்கு. காய்ந்த தட்டை அடுப்புக்கு. ஒரே தூரிலிருந்து மண் காப்பு, தீவனம், காசு, எரிபொருள் என நான்கும் கிடைக்கின்றன. நான்கும் அந்த வீட்டுப் பெண்ணின் அன்றாட வேலைப் பட்டியலில் இருப்பவை. புல் வீட்டருகே வந்ததும் ஆடு கொட்டிலுக்கு வந்தது. சாணம் வயலுக்குப் போனது. தழைக்கு நடக்கும் நேரம் சுருங்கியது.

காடு மீட்பின் பயனைப் பணத்தில் மட்டும் அளப்பவர்களுக்கு இந்த நேரம் கண்ணில் படுவதில்லை. பெண்ணைப் பொறுத்தவரை முதல் வருமானமே மிச்சமாகும் நேரம்தான். அதே சமயம், 40 ஆண்டுக் குத்தகை என்ற உறுதி இல்லாவிட்டால் இந்தப் புல்லை யாரும் நட்டிருக்க மாட்டார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. நாளை பிடுங்கிக்கொள்வார்கள் என்ற அச்சம் இருக்கும் நிலத்தில் ஏழை எவரும் பல்லாண்டுப் பயிர் வைப்பதில்லை.

காம்பியா: மாமர நிழல்

உரிமை இல்லாத இடத்தில் வேளாண்காடு என்ன செய்யும் என்பதற்குக் கடுமையான சான்று மேற்கு ஆப்பிரிக்காவின் காம்பியாவில் இருக்கிறது. அமெரிக்கப் புவியியலாளர் ரிச்சர்ட் ஷ்ரோடர் அந்த நாட்டின் வடகரைப் பகுதியில், கெரெவான் ஊரில் தங்கி ஆராய்ந்து 1999இல் நூலாக எழுதினார்.

1970களின் வறட்சியில் ஆண்களின் நிலக்கடலை வருமானம் விழுந்தது. பெண்கள் தாழ்நிலங்களில் கிணறு தோண்டி, வேலி கட்டி, வெங்காயமும் தக்காளியும் கத்தரியும் பயிரிட்டார்கள். பெண்கள் மேம்பாட்டுக்கான உதவிநிதியும் வந்து சேர, பல வீடுகளில் மனைவியின் வருமானம் கணவனுடையதைத் தாண்டியது. தோட்டம் அவளுக்கு இரண்டாவது கணவன் என்று ஊரில் கேலி பேசும் அளவுக்கு நிலைமை மாறியது. நிலம் மட்டும் குலத்தலைவர்களான ஆண்களிடமே இருந்தது.

1980களில் உதவி நிறுவனங்களின் கவனம் சுற்றுச்சூழலுக்குத் திரும்பியது. மண்ணைக் காக்க மரம் வேண்டும் என்று, நிலத்துக்குரிய ஆண்கள் அந்தத் தோட்டங்களுக்குள்ளேயே மாங்கன்றும் பிற பழக்கன்றும் நட ஊக்கம் பெற்றார்கள். கிணறும் வேலியும் ஏற்கெனவே இருந்தன. காய்கறிக்கு இறைத்த நீரைக் கன்றுக்கும் பெண்களே ஊற்றினார்கள். கன்று மரமானது; கிளைகள் கூடின; நிழல் விழுந்த இடத்தில் வெங்காயம் விளையவில்லை. மரம் நட்டவனுக்கே உரியது என்பது ஊர் வழக்கம். ஆகவே பெண் தான் நீர் ஊற்றி வளர்த்த மரத்தால் தன் தோட்டத்திலிருந்து வெளியேற வேண்டியதாயிற்று. சில பெண்கள் கிளைகளைக் கழித்தும் கன்றுகளை அழித்தும் எதிர்த்தார்கள். அதைப் பசுமைக்கு எதிரான செயல் என்று எண்ணுவது பெரிய அநியாயம்; அவர்கள் தம் பிழைப்பைக் காத்துக்கொண்டார்கள்.

திட்ட அறிக்கையில் இதே நிகழ்வு ‘இத்தனை மரங்கள் பிழைத்தன’ என்ற வெற்றிக் கணக்காக எழுதப்படும். பெண்களின் உழைப்பும் ‘பங்கேற்பு’ என்று பதிவாகும். அதனால்தான் எத்தனை பெண்கள் வந்தார்கள் என்ற எண்ணிக்கையை வைத்து மட்டும் எந்தத் திட்டத்தையும் மதிப்பிடக் கூடாது.

கென்யா: மரம் நடத் தடை, செடி வைக்க வழி

கென்யாவின் பசுமைப் பட்டை இயக்கத்தைத் தமிழ் வாசகர்கள் அறிவார்கள். 1977இல் வாங்கரி மாத்தாய் தொடங்கிய அந்த இயக்கம், ஊர்ப்பெண்கள் சுற்றுவட்டாரத்தில் விதை பொறுக்கி நாற்றங்கால் போடவும் கன்று நடவும் வழி செய்தது. பிழைத்த கன்றுக்குச் சிறு தொகை கொடுத்தார்கள். நட்டதற்குக் காசு என்றிருந்தால் நட்டதோடு கதை முடிந்திருக்கும். பிழைத்ததற்குக் காசு என்றதால் பராமரிப்புக்கும் மதிப்பு வந்தது. 5 கோடிக்கும் மேற்பட்ட மரங்கள் என்று இயக்கம் கணக்குச் சொல்கிறது. நைரோபியின் உஹுரு பூங்காவையும் கரூரா காட்டையும் காக்க அந்தப் பெண்கள் அதிகாரத்தோடு மோதியது, மரம் வளர்ப்பதும் குடியுரிமையும் ஒட்டிப் பிறந்தவை என்பதைக் காட்டியது. 2004இல் மாத்தாய்க்கு அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது.

அதே கென்யாவின் மேற்கே, காக்கமேகாவில், பெண் மரம் நட்டால் மலடாவாள், கணவன் இறந்துபோவான் என்ற நம்பிக்கை இருந்தது. நம்பிக்கைக்கு அடியில் சொத்துக் கணக்கு இருக்கிறது. மரம் நடுவது நிலத்தில் உரிமை கோருவதற்குச் சமம். பெண் நட்டால் அந்தக் கோரிக்கை அவளுடையதாகிவிடும். 1980களில் அங்கே விறகுப் பற்றாக்குறையை ஆராய்ந்தவர்களுக்கு, வீட்டைச் சுற்றி மரங்கள் நிற்கும்போதே பெண்கள் அடுப்புக்கு விறகின்றித் தவித்த காரணம் இப்படித்தான் புரிந்தது. அந்த மரங்கள் விற்பனைக்கும் கட்டடத்துக்கும் ஆண்கள் வைத்தவை. ஆய்வாளர்கள் ஒரு வழி கண்டார்கள். செஸ்பேனியா, காலியாண்ட்ரா போன்ற விரைவாக வளரும் குத்துச்செடிகளை ஊரார் மரமாகக் கருதுவதில்லை. எனவே அவற்றைப் பெண்கள் தடையின்றி வைத்தார்கள், விறகும் தீவனமும் கிடைத்தன. புத்திசாலித்தனமான வழிதான். ஆனாலும் மரத்துக்குரிய உரிமை எவரிடம் இருந்ததோ அவரிடமே இருந்தது.

நைஜர்: வேரிலிருந்து மீண்ட மரங்கள்

சகாராவின் தென்விளிம்பில் நைஜர் நாட்டின் மராடி பகுதியில் நட்ட கன்றுகள் மடிந்துகொண்டே இருந்தன. 1983இல் ஆஸ்திரேலிய வேளாண் பணியாளர் டோனி ரினாடோ, வயலில் புதரென்று கிடந்தவை வெட்டிய மரங்களின் அடிக்கட்டைத் துளிர்கள் என்று கண்டுகொண்டார். துளிர்களில் நல்லவற்றை விட்டு மற்றவற்றைக் கழித்தால், ஆழமாக ஓடிய பழைய வேர் புதிய மரத்தை எழுப்பிவிடும். நாற்றங்கால் வேண்டாம், நீர் வேண்டாம். இந்த முறையில் அந்த நாட்டில் சுமார் 50 லட்சம் ஹெக்டேரில் 20 கோடி மரங்கள் மீண்டன என்பது கிறிஸ் ரெய் உள்ளிட்ட ஆய்வாளர்களின் மதிப்பீடு. காவோ என்ற மரம் அங்கே உழவரின் துணைவன். மழைக்காலத்தில் இலையுதிர்த்துவிடுவதால் கம்புக்கு நிழல் விழாது. உதிர்ந்த இலை மண்ணுக்கு உரமாகும்.

நுட்பம் மட்டும் இதைச் சாதிக்கவில்லை. காலனியக் காலச் சட்டத்தின்படி மரங்கள் அரசுக்குரியவை; தன் வயல் மரத்தை வெட்டினாலும் அபராதம். 1980களின் நடுவிலிருந்து அந்தக் கெடுபிடி தளர, வளர்த்தவனுக்கே மரம் என்ற நம்பிக்கை பிறந்தது. விறகுக்காக நாளுக்கு இரண்டரை மணி நேரம் அலைந்த பெண்களுக்கு அரை மணி நேரம் போதும் என்ற நிலை வந்தது.

அங்கேயும் வயல் பெரும்பாலும் ஆணுடையது. அதனால் இன்னொரு முயற்சி கவனிக்கத்தக்கது. ஹைதராபாத் அருகே பட்டான்சேருவைத் தலைமையிடமாகக் கொண்ட இக்ரிசாட் நிறுவனத்தின் நைஜர் கிளை, எவரும் பயிரிடாமல் விட்ட இறுகிய செம்பாறை நிலத்தை ஊரிடம் பேசிப் பெண்கள் சங்கங்களின் பேரில் வாங்கிக் கொடுத்தது. பிறைவடிவக் குழிகளில் மழைநீரைத் தேக்கி ஒட்டு இலந்தையும் முருங்கையும் நட்டு, இடையில் வெண்டை போன்ற காய்கறிகளை அவர்கள் பயிரிட்டார்கள். காம்பியாவிலும் இங்கேயும் வறண்ட நாடு, மரமும் காய்கறியும் கலந்த தோட்டம், பெண்களின் உழைப்பு. நைஜர்ப் பெண்களிடம் நிலமும் மரமும் சேர்ந்தே இருந்தன. முடிவு வேறாக அமைய அதுவே போதுமானதாக இருந்தது.

எதிர்ச்சான்றுகள்

சான்றுகள் அனைத்தும் ஒரே பக்கம் சாயவில்லை. எஸ்தர் முவாங்கி, ரூத் மெய்ன்சன்-டிக், யான் சன் மூவரும் கென்யா, உகாண்டா, பொலிவியா, மெக்சிகோ நாடுகளின் தரவுகளை ஆராய்ந்து 2011இல் வெளியிட்ட கட்டுரை, பெண்கள் மிகுந்த குழுக்கள் காட்டு மேலாண்மையில் பின்தங்கியிருந்ததாகக் கண்டது. ஆணும் பெண்ணும் கலந்த குழுக்கள் முந்தியிருந்தன. அவர்கள் சொன்ன காரணங்கள் முக்கியமானவை: பெண்களுக்குத் தொழில்நுட்பம் எட்டுவதில்லை, வேலைச்சுமையால் நேரமில்லை, விதி மீறுபவரைத் தண்டிக்கும் அதிகாரம் ஊரில் அவர்களுக்கு இல்லை. ஆக, அங்கே குறைவாக இருந்தது அதிகாரமே. 2016இல் கிரெய்க் லைஷர் குழு உலக ஆய்வுகளைச் சலித்தபோது, நிர்வாகத்தில் பெண்கள் பங்கின் விளைவை முறையாக அளந்தவை 17 மட்டுமே தேறின. நேர்மறைச் சான்று வலுவாக இருந்தது இந்தியாவிலும் நேபாளத்திலும்.

2019இல் வெளியான ஒரு களப் பரிசோதனை இந்த இடைவெளியைக் கொஞ்சம் நிரப்பியது. இந்தோனேசியா, பெரு, தான்சானியா நாடுகளின் 31 ஊர்களில் 440 பேரைக் காடு காக்கும் விளையாட்டு ஒன்றில் ஈடுபடுத்தினார்கள். காத்தால் ஊக்கத்தொகை கிடைக்கும். பாதி உறுப்பினர் பெண்கள் என்ற ஒதுக்கீடு இருந்த குழுக்கள் கூடுதல் மரங்களைக் காத்தன, தொகையையும் சமமாகப் பகிர்ந்தன.

இந்த முடிவுகளை வைத்து, பெண் பிறவியிலேயே இயற்கைக்கு நெருக்கமானவள் என்று பேசுவது எளிது. 1974இல் இந்திய இமயமலையின் ரேணி ஊரில் மரங்களைக் கட்டித் தழுவி நின்ற பெண்களையும் அப்படியே காட்டுவது வழக்கம். அகர்வால் 1992இலேயே இதை மறுத்தார். பெண்களுக்குக் காட்டோடு உள்ள உறவு அன்றாட வேலையிலும் சொத்தின்மையிலும் பிறந்தது. வேலையும் சொத்தும் மாறினால் அந்த உறவும் மாறும். இந்தப் பார்வையே சரி என்று நினைக்கிறேன். பிறவிக் குணம் என்று போற்றினால், கூலியில்லாமல் காட்டைக் காக்கும் கடமையையும் அவள்மீது சுமத்திவிடலாம்.

எந்தப் பெண்?

பெண்கள் என்பது ஒரே வகுப்பும் அல்ல. காட்டை மூடிக் காக்கத் தொடங்கியதும் முதல் அடி விழுவது நிலமில்லாதவளுக்கு. நிலமுள்ள வீட்டில் வரப்பு மரமும் பயிர்த்தட்டையும் இருக்கும். இல்லாதவள் தொலைவில் உள்ள காட்டுக்கு நடக்கிறாள், அல்லது உரமாக வேண்டிய சாணத்தை எரிக்கிறாள். நேபாளத்தில் கரி இல்லாமல் உலை மூட்ட முடியாத காமி என்ற தலித் கொல்லர் குடும்பங்களையும் இந்த மூடல் தாக்கியது. காடு தழைத்த பிறகும் எடுக்கக்கூடிய விறகைக்கூட எடுக்க விடாமல் குழுக்கள் பூட்டி வைத்ததை அகர்வால் பதிவு செய்கிறார். பாதி இடங்களை வசதியுள்ள வீட்டுப் பெண்களே நிரப்பிவிட்டால் சட்டம் நிறைவேறியிருக்கும். நிலமில்லாதவளின் நிலை மாறியிருக்காது.

திட்டங்களுக்கான அளவுகோல்

இவ்வளவையும் தொகுத்தால், காடு மீட்புத் திட்டங்களிடம் கேட்க வேண்டியவை நான்கு. எந்த மரம் என்பதைத் தீர்மானித்தவர்களில் விறகும் தழையும் சுமப்பவள் இருந்தாளா? நிலம், மரம், விளைச்சல் ஆகியவற்றின்மீது அவளுக்கு எழுத்தில் உள்ள, நீண்ட கால உரிமை எது? நிர்வாகத்தில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு பெண்களும் அவர்களில் நிலமற்றவர்களும் இருக்கிறார்களா, தண்டிக்கவும் செலவிடவும் அவர்களுக்கு அதிகாரம் உண்டா? அவளுடைய வேலை நேரம் கூடியதா, குறைந்ததா?

இவை நமக்கும் உரிய கேள்விகள். இந்தியாவின் 2006 வன உரிமைச் சட்டம் தம்பதியர் இருவர் பெயரிலும் உரிமைப் பட்டா தரச் சொல்கிறது. சட்டத்தில் இந்த வரி வந்தது பெரிய முன்னேற்றம். தமிழ்நாடு 2022இல் தொடங்கிய பசுமை இயக்கம், காடும் மரமும் சேர்ந்த பரப்பை 33 சதவீதமாக உயர்த்த விரும்புகிறது. அதில் பெரும்பகுதி உழவர் நிலங்களில் வளர வேண்டிய மரம். ஊரக வேலைத் திட்டத்தில் நாற்றங்காலுக்கு மண் நிரப்பி நீர் ஊற்றுபவர்களில் பெரும்பான்மையர் பெண்கள்; கன்று போய்ச் சேரும் பட்டா பெரும்பாலும் ஆணின் பெயரில் இருக்கிறது. வளர்ந்த மரம் விலைபோகும் நாளில் பங்கு யாருக்கு என்பதைக் கன்று கொடுக்கும் நாளிலேயே எழுதி வைக்க வேண்டும். மரம் வளர்ந்த பிறகு அதைப் பேசத் தொடங்கினால் என்ன ஆகும் என்பதைக் கெரெவான் பெண்கள் நமக்காக ஏற்கெனவே அனுபவித்துவிட்டார்கள். அந்தப் பாடத்தைப் படிக்க இன்னொரு தலைமுறைப் பெண்களின் உழைப்பைச் செலவழிக்க நமக்கு உரிமை இல்லை.